எண்பத்தைந்து டிகிரி

ஏலக்காய்க்கு விலை அதன் பச்சையில் இருக்கிறது. மணம், பருமன் எல்லாம் அதற்கு அடுத்துத்தான். போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் நாளில் போய் நின்று பார்த்தால் இது விளங்கும். வியாபாரி மாதிரிக் காயைக் கொட்டி ஒரே ஒரு பார்வை பார்ப்பார். பச்சை வெளுத்திருந்தால் அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். செடியில் இருக்கும்போது எல்லாக் காயும் பச்சைதான். அதை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சூட்டில் வைத்து உலர்த்தி, அதன் பிறகும் அந்தப் பச்சையைக் காப்பாற்றுவது ஸ்டோர்க்காரரின் வேலை. காய் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர்.

என் தாய்மாமா அப்படி ஒரு ஸ்டோர்க்காரர். பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் நடுவில் ஒரு சின்ன எஸ்டேட், முதலாளி போடிக்காரர். இடம் இடுக்கி மாவட்டம், கேரளம். ஆனால் காய் எடுக்கும் பெண்களில் பலர் விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் ஜீப் ஏறி, பொழுது சாயும்போது இறங்கி வருகிறவர்கள். காயும் கூலியும் போடி வழியாகத்தான் போகும், வரும்.

உலர்த்துகிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. பறித்த காயைக் கழுவி, சிலர் பச்சை நிற்பதற்காக 2 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, தட்டுகளில் பரப்பி உள்ளே அடுக்குவார்கள். வெளியே விறகு அடுப்பு. அதன் சூடு குழாய் வழியாக உள்ளே வந்து காயின் ஈரத்தை எடுக்கும். ஈரக் காற்றை மின்விசிறி வெளியே தள்ளும். சூடு 45 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குள் நிற்க வேண்டும், 18 மணி முதல் 24 மணி நேரம் வரை. ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ உலர்காய் வரும். சூடு ஏறினால் காய் வெடித்துத் தவிட்டு நிறமாகும். இறங்கினால் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும்.

2019 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். முந்தைய ஆண்டு வெள்ளத்தில் தோட்டங்கள் அடிபட்டு, காய் வரத்துக் குறைந்து, இடுக்கி மாவட்டத்துப் புத்தடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சமயம் அது. ஒரு டிரையர் காய் கெட்டுப் போனால் முதலாளிக்கு நெஞ்சு வலிக்கும் என்பதை மிகையாகச் சொல்லவில்லை.

அப்போது போடியில் நான் டி.வி., இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். கடை சாத்திய பிறகு பொழுதுபோக்கு, ஆர்டுயினோ போர்டுகள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்து, விளக்கை மினுக்குவது, தொட்டித் தண்ணீர் மட்டம் பார்ப்பது என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். மாமாவுக்கு அது தெரியும்.

ஒரு ராத்திரி அவரிடமிருந்து போன்.

"மாப்ள, பெட்டி எம்பத்தஞ்சு காட்டுது."

"எம்பத்தஞ்சா? அடுப்பைத் தணிச்சீங்களா மாமா?"

"எதுக்குத் தணிக்கணும்? நான் உள்ளுக்க போயி நின்னுட்டுத்தான் வர்றேன். எம்பத்தஞ்சுல மனுசன் நிக்க முடியுமா? காயும் நல்லாத்தான் இருக்கு. பெட்டிதான் பொய் சொல்லுது. வெள்ளனா ஜீப்ல ஏறி வா."

பெட்டி என்று அவர் சொன்னது முதலாளியின் தங்கை மகன் கல்லூரிக் கடைசி வருஷத்தில் புராஜெக்டாகச் செய்து, மார்க் வாங்கிய பிறகு ஸ்டோரில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனது. ஆர்டுயினோ ஊனோ மாதிரியில் சீனாவில் செய்த போர்டு ஒன்று, சூடு பார்க்கும் உணரி, இரண்டு வரி டிஸ்ப்ளே, விசிறியின் கான்டாக்டரை இழுக்கும் ரிலே, 12 வோல்ட் அடாப்டர். முதல் சீசன் ஒழுங்காக ஓடியது. பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இன்னொரு ரிலேயும், செல்போனில் சூட்டைப் பார்க்க ஒரு புளூடூத் துண்டும் சேர்த்தான். அந்த சீசன் முடிவில் பெட்டி கோளாறு செய்ய ஆரம்பித்தது. பொங்கல் லீவுக்கு வந்தவன் போர்டு போய்விட்டது என்று புதுப் போர்டு போட்டுவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது புதுப் போர்டுக்கும் அதே நோக்காடு.

மறுநாள் மழை. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்வரை ஜீப்பில் யாரும் பேசவில்லை. போடிமெட்டில் டீக்கு நிறுத்தியபோது என் பையிலிருந்து எட்டிப் பார்த்த மல்டிமீட்டரையும் ஒயர் சுருளையும் கடைக்காரர் உற்றுப் பார்த்தார். "நியூட்ரினோ ஆபீசா தம்பி?" என்றார். போடி மேற்கு மலையில் பொட்டிபுரம் பக்கம் குன்றைக் குடைந்து, 50,000 டன் எடையில் இரும்புக் காந்தம் வைத்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டத் திட்டமிட்டு, எதிர்ப்பும் வழக்குமாக இழுத்துக்கொண்டிருந்த காலம். ஒயரோடு வருகிற எவனையும் எங்கள் ஊரில் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். ஏலக்காய் ஸ்டோர் என்று சொன்ன பிறகுதான் டீ வந்தது.

ஸ்டோரில் போய்ப் பெட்டியைத் தொடாமல் கொஞ்ச நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன். டி.வி. வேலை கற்றுக்கொடுத்த கடை அண்ணன் பழக்கிவிட்ட பழக்கம் அது. "மொதல்ல கண்ணு, அப்புறம் மூக்கு, அப்புறம் மீட்டரு, கடேசியாத்தான் அயனு" என்பார். வந்தவுடன் சால்டரிங் அயனைச் சூடேற்றுகிற பையனைக் கடையில் வைத்துக்கொள்ள மாட்டார்.

டிஸ்ப்ளேயில் 47 நின்றது. சுவரில் மாமா மாட்டி வைத்திருந்த பழைய பாதரச வெப்பமானியும் ஏறக்குறைய அதையே காட்டியது. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரிலே டக்கென்று இழுத்தது. 47 போய் 85 வந்தது. அடுத்த நொடியில் திரும்பவும் 47. இன்னும் கொஞ்சம் கழித்து 85, 85, 85. கடைசியில் மேல் வரி முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். நடுவில் 60 இல்லை, 72 இல்லை. நாற்பத்தேழிலிருந்து ஒரே தாவலில் எண்பத்தைந்து. சூடு என்பது அப்படித் தாவுகிற சாமான் இல்லை.

"எந்நேரமும் இப்படியா மாமா?"

"காலைல ஒழுங்காத்தான் இருக்கும். அடுப்பு நல்லாப் பிடிச்சு, சாயங்காலம் ஆகணும். அப்பத்தான் இந்தக் கூத்து."

பாதிக் கோளாறை அவர் அந்த மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் மீட்டரெல்லாம் வேண்டியிருந்தது.

அந்த 85 எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு முன்பே தெரியும். பெட்டியில் இருந்த உணரி டிஎஸ்18பி20 என்ற வகை. டல்லஸ் செமிகண்டக்டர் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது. மூன்று கால் உள்ள டிரான்சிஸ்டர் போல இருக்கும். எஃகுக் குப்பிக்குள் அடைத்து ஒயரோடு விற்பார்கள். மைனஸ் 55-லிருந்து 125 டிகிரி வரை அளக்கும். சூட்டை அளந்து, எண்ணாக்கித் தன் நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு முக்கால் நொடி ஆகும். போர்டு கேட்கும்போது அந்த எண்ணைச் சொல்லும். ஆனால் மின்சாரம் ஒரு கணம் போய்த் திரும்பினால் அந்த நினைவில் தானாக வந்து உட்காரும் எண் 85. டேட்டா ஷீட்டிலேயே எழுதியிருக்கிறது. அதாவது, "இன்னும் அளக்கவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது "85 டிகிரி" என்று சொல்கிறது.

இதை வடிவமைத்த பொறியாளர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அளக்கும் எல்லைக்கு வெளியே ஓர் எண்ணை வைத்திருக்கலாமே. இந்த உணரிக்காக ஆர்டுயினோவில் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை எழுதியவர்களுக்கு அந்தப் புத்தி இருந்தது: ஒயர் அறுந்துபோனால் மைனஸ் 127 என்று வரும். உலகத்தில் எந்த ஏலக்காய் ஸ்டோரிலும் மைனஸ் 127 டிகிரி வராது. பார்த்தவுடனே பழுது என்று தெரிந்துவிடும். 85 அப்படி இல்லை. குளிர்பதனப் பெட்டியில் 85 என்று வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். விறகு எரியும் இடத்தில் அது நம்பக்கூடிய எண். மாமா இடத்தில் புது ஆள் ஒருவர் இருந்திருந்தால் அடுப்பை அணைத்திருப்பார், அந்த டிரையர் காய் அத்தனையும் ஈரத்தில் கெட்டிருக்கும்.

ஆகவே கேள்வி, உணரிக்குப் போகும் மின்சாரம் ஏன் இடையில் சாகிறது என்பது. மாமாவை வெப்பமானியோடு ராத்திரி விழிக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கழற்றிக் கீழே கொண்டு வந்தேன். முதலாளி கடைக்கே வந்தார். "நானூறு ரூபாச் சாமான், இதுக்குப் போயி மெனக்கெடுறியேப்பா. புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிரு" என்றார். போன தடவை மாற்றினோமே, அதுவும் ஏன் போனது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, மேஜை டிராயரில் கிடந்த பழைய போர்டையும் ஆள் விட்டு அனுப்பினார். ஒரு பாலிதீன் பையில், மேலே மார்க்கரில் "கெட்டது" என்று எழுதியிருந்தது.

பெட்டியைத் திறந்தால் புகைக்கரி. ஒரு மூலையில் எறும்பு மண் சேர்த்திருந்தது. ஒயர் செருகும் பின்களில் பச்சையாகக் களிம்பு. மலைக் காற்றின் ஈரம் செம்பை அப்படித்தான் தின்னும். உணரியின் ஒயரை நீட்டுவதற்காக முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடத்தைப் பிரித்தால் உள்ளே பாசி நிறத்தில் தூள். பக்கத்து மொபைல் சர்வீஸ் தம்பியிடம் ஐபிஏ என்ற ஆல்கஹால் திரவம் கொஞ்சம் வாங்கி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினேன். அடாப்டர் பின்னைச் செருகும் ஜாக்கை விரலால் அசைத்தபோது அடியில் பற்று விட்டிருந்தது தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கால் சுற்றிலும் மயிரிழை போல் ஒரு வட்டக் கீறல். டிரை சால்டர். ஈயம் வைத்து மறுபடி பற்றவைத்தேன். இதெல்லாம் கோளாறுகள்தான், ஆனால் சாயங்காலம் மட்டும் வருகிற கோளாறு இதில் எதுவும் இல்லை.

கம்ப்யூட்டரில் மாட்டினால் போர்டு இருப்பதாகவே காட்டவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. கேபிளை மாற்றினேன், வந்துவிட்டது. செல்போன் சார்ஜருடன் வரும் மலிவுக் கேபிள்கள் பலவற்றில் மின்சாரம் போகும் இரண்டு ஒயர் மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் மற்ற இரண்டு இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகக் குப்பைக்குப் போன போர்டுகள் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. இந்தச் சீனப் போர்டுகளில் யூஎஸ்பிக்காக இருக்கும் சிஎச்340 என்ற சிப்புக்குக் கம்ப்யூட்டரில் தனி டிரைவர் போட வேண்டிவரும், அது இன்னொரு வாசல். அதையும் தாண்டினேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் புரோகிராமைப் பத்திரப்படுத்த வேண்டும். பெங்களூருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, இதோட கோடு இருக்கா?"

"பழைய லேப்டாப்ல இருந்துச்சுண்ணே. அது டிஸ்க் போயிருச்சு."

"வயரிங் படம்?"

"ரெக்கார்டு நோட்ல வரைஞ்சிருந்தேன். காலேஜ்ல குடுத்துட்டேண்ணே."

போர்டின் மூளையான ஏடிமெகா328பி சிப்புக்குள் 32 கிலோபைட் இடம் உண்டு. அங்கே இருப்பதை அப்படியே எண் வரிசையாகப் படித்து எடுக்கலாம். ஆனால் அந்தப் பையன் எழுதிய வடிவில் திரும்பக் கிடைக்காது. நகல் எடுக்கலாம், திருத்த முடியாது. இருந்தாலும் நகலாவது கையில் இருக்கட்டும். சிப்பைத் தனியாகப் படிக்க ஒரு புரோகிராமர் கருவி வேண்டும். அது இல்லாவிட்டால் இன்னொரு ஆர்டுயினோவையே அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு போர்டிலும் இருக்கும் ஆறு பின் குச்சிகள் அதற்கு வழி செய்கின்றன. என்னிடம் இருந்தவை எல்லாம் வேறு வேலையில் மாட்டியிருந்தன. "கெட்டது" என்று எழுதியிருந்த பையைப் பிரித்தேன்.

அது கெடவில்லை. துடைத்து நல்ல கேபிளில் மாட்டியதும் விளக்கை மினுக்கியது, சொன்ன வேலையைக் கேட்டது. கெட்டது என்று ஒதுக்கப்பட்ட போர்டை வைத்துத்தான் கெட்டது என்று வந்த போர்டின் சிப்பைப் படித்தேன். அந்தச் சிப்பும் உடனே பதில் சொன்னது. இரண்டு போர்டும் நலம். நான் முதலாளிக்குப் போன் போட்டு இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அடுத்து, சோதனைக்காக ஒரு சின்ன புரோகிராமை ஏற்றப் பார்த்தேன். ஏறவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது பார்த்திருக்கும் பிழை அது: கம்ப்யூட்டர் பத்து தடவை கூப்பிட்டுப் பார்த்து, சிப் ஒத்து வரவில்லை என்று கைவிட்டுவிடும். இதைப் பார்த்தவுடன் சிப் செத்துவிட்டது என்றுதான் யாரும் முடிவு கட்டுவார்கள். சிப் உயிரோடு இருப்பதை இப்போதுதான் பார்த்தோம், ஆகவே கோளாறு வழியில் இருக்கிறது. அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ரீசெட் பின்னை கிரவுண்டில் கட்டிச் சிப்பைத் தூங்கவைத்துவிட்டு, 0, 1 என்ற இரண்டு பின்களையும் ஒரு ஒயரால் இணைத்தால், கம்ப்யூட்டரில் தட்டும் எழுத்து போர்டு வரை போய் அப்படியே திரும்பி வர வேண்டும். தட்டினேன், வரவில்லை. அந்த இரண்டு பின்களில்தான் புளூடூத் துண்டும் உட்கார்ந்திருந்தது. அதைப் பிடுங்கினேன். எழுத்து திரும்பி வந்தது. புரோகிராமும் ஏறியது. கம்ப்யூட்டர் பேசும் அதே கம்பியில் புளூடூத்தும் பேசிக்கொண்டிருந்தால் யார் பேச்சை யார் கேட்பது?

இத்தனையும் செய்து, ரிலே, டிஸ்ப்ளே, உணரி எல்லாவற்றையும் மாட்டி மேஜையில் ஓடவிட்டால், தங்கமாக ஓடியது. அறைச் சூடு 29, 29, 29. ராத்திரி முழுக்க ஓடவிட்டும் ஒரு 85கூட வரவில்லை.

பழுது பார்க்கிறவனுக்கு இதைவிட எரிச்சலான கட்டம் கிடையாது. வாடிக்கையாளர் வீட்டில் வரும் கோளாறு கடைக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். இங்கே பலர் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நாலு நாளில் திரும்பி வரும். கோளாறு போகவில்லை, அதற்கு வேண்டிய சூழல்தான் கடையில் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மலையில் இருந்து என் மேஜையில் இல்லாதது என்ன? இரண்டு. ஒன்று, சாயங்காலச் சூடு. மற்றது, அடாப்டர். மேஜையில் போர்டுக்கு மின்சாரம் யூஎஸ்பி கேபிள் வழியாக வந்துகொண்டிருந்தது.

ஊனோவின் சர்க்யூட் படத்தை எடுத்து விரித்தேன். அந்தப் படம் கையில் இருந்தது என் திறமை இல்லை. 2005-ல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் ஒரு வடிவமைப்புப் பள்ளியில், மின்னணுவியல் தெரியாத மாணவர்களுக்காக மாசிமோ பான்ஸியும் கூட்டாளிகளும் முதல் ஆர்டுயினோ போர்டைச் செய்தபோது, படத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். அதனால்தான் சீனாக்காரர் அதைப் பார்த்து மலிவாகச் செய்ய முடிந்தது. போடியில் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு நானும் பழுது பார்க்க முடிந்தது. என் கடைக்கு வரும் இன்வெர்ட்டர்களில் பலவற்றுக்குப் படமே கிடையாது. ஐசி மேல் இருக்கும் எழுத்தைக்கூடச் சுரண்டி அழித்து அனுப்புகிறார்கள்.

படம் சொன்னது இதுதான். யூஎஸ்பியில் வரும் 5 வோல்ட் நேராக உள்ளே போகிறது. அடாப்டரின் 12 வோல்ட், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு ரெகுலேட்டர் வழியாகப் போய் 5 வோல்ட்டாகக் குறைகிறது. இந்த வகை ரெகுலேட்டர் குறைப்பது எப்படி என்றால், 12 ரூபாய் வாங்கி 5 ரூபாய்க்குச் சாமான் கொடுத்து மீதி 7 ரூபாயை அடுப்பில் போடுகிற கணக்கு. முதல் சீசனில் ஒரு ரிலேயும் டிஸ்ப்ளேயும் மட்டும் இருந்தவரை அது தாங்கியது. இரண்டாவது ரிலேயும் புளூடூத்தும் சேர்ந்த பிறகு, இரண்டு ரிலேயும் இழுத்திருக்கும் வேளையில் மொத்தம் கால் ஆம்பியர் அளவுக்கு வந்துவிடுகிறது. 7 வோல்ட்டைக் கால் ஆம்பியரால் பெருக்கினால் 1.75 வாட். அத்தனையும் அந்த நகத்தளவு இடத்தில் சூடாக வெளியேற வேண்டும். பெட்டியை மாட்டியிருந்ததோ அடுப்புச் சுவரில், மூடி போட்டு, காற்றுப் போக ஓட்டையில்லாமல்.

யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு அடாப்டரைச் செருகினேன். மீட்டரின் முனையை 5 வோல்ட் பின்னில் வைத்தேன்: 4.97. பக்கத்து பியூட்டி பார்லரில் ஹேர் டிரையர் இரவல் வாங்கி ரெகுலேட்டர் மேல் சூடான காற்றைப் பிடித்தேன். முதலில் அசையவில்லை. பிறகு 4.6. இரண்டு ரிலேயையும் இழுக்கவைத்ததும் 4.1, 3.4 என்று மளமளவென இறங்கியது. மூன்றை நெருங்கும்போது டிஸ்ப்ளேயில் வந்தது, 85. கடையில் யாரும் இல்லை, இருந்தாலும் சத்தமாகவே கைதட்டிவிட்டேன்.

அதிகம் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள அந்த ரெகுலேட்டர் வெளியே விடும் மின்சாரத்தை மடக்கிக்கொள்ளும். அது அதன் இயல்பு, பழுதுகூட இல்லை. உணரிக்கு 3 வோல்ட்டாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் நினைவு அழிந்து 85-க்குப் போய்விடும். ஆனால் ஏடிமெகா சிப்பை 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் நிறுத்த வேண்டும் என்று ஊனோவில் அமைத்திருக்கிறார்கள். ஆக, உணரி மயங்கி விழுந்த பிறகும் சிப் அரைத் தெளிவில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மயக்கத்தில் உளறியதை உண்மை என்று எடுத்துக்கொண்டு விசிறியை முடுக்கும். விசிறி ரிலே இழுத்தால் வோல்ட் இன்னும் இறங்கும். மறுபடி 85. இந்தச் சுற்று எப்படி ஓடியது என்று புரிந்ததும் மாமா சொன்ன அந்த மூன்று வாக்கியம் நினைவுக்கு வந்தது.

வைத்தியம் பெரிதில்லை. எல்எம்2596 என்ற சிப் உள்ள சின்னக் குறைப்பான் ஒன்று வாங்கினேன். அது வேகமாகத் திறந்து மூடி வோல்ட்டைக் குறைப்பதால் மீதியை அவ்வளவாகச் சூடாக்கி வீணாக்காது. அதில் இருக்கும் திருகைத் திருப்பி மீட்டரில் சரியாக 5 வோல்ட் வருவதைப் பார்த்த பிறகே போர்டின் 5 வோல்ட் பின்னில் இணைக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது அந்தத் திருகு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பார்க்காமல் இணைத்தால் 5-ஐவிட எவ்வளவோ அதிக வோல்ட் நேராகச் சிப்புக்குள் போய்விடலாம். இப்படி இணைத்த பிறகு யூஎஸ்பியையும் சேர்த்துச் செருகக் கூடாது என்று பெட்டிக்குள்ளேயே எழுதி ஒட்டினேன். உணரி ஒயரின் முறுக்கை வெட்டி எறிந்து, பற்றவைத்து, சுருங்கு குழாய் போட்டேன். புளூடூத்தைத் திரும்ப மாட்டவில்லை. அதை யாரும் பார்த்ததாக மாமாவுக்கு ஞாபகமும் இல்லை.

புரோகிராமைப் புதிதாகத்தான் எழுத வேண்டியிருந்தது. எழுத்து வேலை சுலபம். 85-ம் மைனஸ் 127-ம் வந்தால் அதைச் சூடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மறுபடி அளந்து பார். சிப் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் தன்னைத் தானே மறுபடி தொடங்கு. ஆனால் ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. உணரி உண்மையிலேயே செத்துவிட்டால் விசிறி ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? நான் கம்ப்யூட்டர் புத்தியில், சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துவதுதான் பத்திரம் என்று நினைத்திருந்தேன். மாமாவைக் கேட்டேன்.

"கிறுக்கா உனக்கு? ஃபேன் நின்னா அடுப்புச் சூடு எங்கிட்டுப் போகும்? குழாய் பழுத்துரும். ஓடட்டும். மணி மட்டும் அடிக்கட்டும், நான் வந்து கை வச்சுப் பாத்துக்கிறேன்."

அப்படியே எழுதினேன். சூட்டைப் பற்றிய எண்கள் அத்தனையும் அவர் சொன்னவை: முதலில் எவ்வளவு, நடுச்சாமத்தில் எவ்வளவு, கடைசியில் காம்பு உதிரும் பருவத்தில் எவ்வளவு. அவருக்கு அதெல்லாம் டிகிரிக் கணக்கில் தெரியாது. காயைக் குலுக்கினால் விதை எந்தச் சத்தம் போடும் என்று சொல்வார்; அந்நேரம் வெப்பமானியைப் பார்த்து நான் எண்ணைக் குறித்துக்கொள்வேன்.

பெட்டியை அடுப்புச் சுவரிலிருந்து எடுத்து எதிர்ச் சுவரில், காற்றோட்டம் படும்படி மாட்டினோம். சாயங்காலம் அடுப்பு நன்றாகப் பிடித்தது. 49, 50, 50. மாமா வந்து நின்று பார்த்தார், பாதரச வெப்பமானியையும் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு விறகு தள்ளப் போனார். வெப்பமானியை அவர் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை. அந்த சீசன் முழுக்கப் பெட்டி நிற்கவில்லை. "கெட்டது" போர்டு அதே பையில், புது புரோகிராமோடு, மாற்றாக ஸ்டோர் டிராயரில் இருந்தது.

2012-ல் போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. வருஷா வருஷம் தம்பி தங்கைகள் இந்த மாதிரிப் பெட்டிகளைச் செய்து மார்க் வாங்குகிறார்கள்; அவற்றில் சில மலைக்கு ஏறுகின்றன. நல்ல காரியம். அவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். எந்தப் பின்னில் எந்த ஒயர் என்று ஒரு தாளில் வரைந்து, மழைக்குத் தாங்கும்படி பாலிதீனில் போட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். புரோகிராமை ஒரு பென்டிரைவில் போட்டு முதலாளியிடம் இல்லாமல் ஸ்டோர்க்காரரிடம் கொடுங்கள். உணரி சூட்டைச் சொல்லாத நேரத்தில் டிஸ்ப்ளேயில் எண் எதுவும் வர வேண்டாம். "பழுது" என்று தமிழில் வரட்டும்.